நேரம் முடிந்தது என்று எழுதியவன்

அவைக்குத் தலைமை தாங்கும் துணைவேந்தர் அம்மையார் அவர்களே! அறிவோடு அன்பையும் பாடமாக்கத் துணிந்த பேராசிரியப் பெருமக்களே! பெற்று வளர்த்த பிள்ளையில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்று மனமுவந்து வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே! தலை நரைத்தும் மனம் நரைக்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் முதலாண்டு மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

என்னை அறிமுகப்படுத்திய தம்பி, பொதுவாழ்வில் முப்பத்தோராண்டு பழுத்தவர் என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நகர மன்றத்தில் நான் பேசியவன் அல்லன், பேசுகிறவர்களை நிறுத்தியவன்! பொதுமக்கள் குறை சொல்லும் நாளில் ஆளுக்கு மூன்று நிமிடம். நிமிடம் மூன்றானதும் மேசைமணியைத் தட்டுவேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'நேரம் முடிந்தது' என்று எழுதுவேன். அதற்குத்தான் சம்பளம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்று எனக்கு எத்தனை நிமிடம் என்று அம்மையாரைக் கேட்டேன். அவரும் சிரித்துவிட்டு மேடையைக் கைகாட்டினார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இந்தப் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாணவரும் அறுபது மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். கண்டதை மன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மார்க்குக்காக வந்து நம்ம உயிரை வாங்கப் போகுதுங்க!" இந்த வாயால்தான் சொன்னேன்.

அப்படி வந்தவர்களில் ஒரு பெண். வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கமா'. ஏன்? அவளுக்குத் திக்குவாய். ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கமா போட்டு நிற்பாள். பேசத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து, பொது மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளும் வேலையை எடுத்துக்கொண்டாள். மார்க்குக்காகத்தான் வந்தாள். அதை அவளே பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

அங்கே வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ள ஒரு தையல்காரம்மா வருவார். சாலையை அகலப்படுத்தியபோது, மருத்துவமனை வாசலில் இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பாலத்துக்கு அப்பால் தூக்கி வைத்துவிட்டார்கள். சக்கர நாற்காலிக்கு எல்லை வாசல்வரை. அதற்குப் பிறகு? கமா அவர் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள். நடந்தாள், நடந்தாள், ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டே நடந்தாள்: அறுநூற்றுப் பதினெட்டுக் காலடி. உடம்பிலிருந்து உயிரைப் பாதி உறிஞ்சி எடுத்தாற்போலத் தளர்ந்திருக்கும் அந்த அம்மா, வழியில் நான்கு முறை உட்காருவார். மூடிய கடையின் படியில் ஒருமுறை. மின்கம்பத்தின் அடியில் ஒருமுறை. இவர்கள் எட்டுவதற்குள் பேருந்து எட்டாத தூரம் போயிருக்கும்.

ஒருநாள் பாலத்தின் நடுவிலேயே அம்மா மயங்கிச் சரிந்தார். மடியில் தாங்கிக்கொண்டு பிள்ளை அழுகிறாள். அவரோ கண்ணைத் திறந்து, சிரித்தபடியே என்ன சொன்னார்?

"எதுக்குடி அழறே? நாப்பது யூனிஃபார்ம் தைக்க வேண்டியது கிடக்கு. எனக்குச் சாக ஏது நேரம்?"

பெருமக்களே, அந்தச் சிரிப்பு அவளைச் சும்மா இருக்க விடவில்லை. போக்குவரத்து அலுவலகத்துக்கு மனு கொடுத்தாள். பதில் இல்லை. மறுபடி கொடுத்தாள். மூன்றாம் முறையும் கொடுத்தாள். கடைசியில் தன் பேராசிரியரிடம் போய், "மன்றத்துல எனக்குப் பதிலா வே... வேற யாராவது பேசட்டும் சார்" என்றாள்.

"அவங்ககூட நடந்தது வேற யாராவதா?" என்றார் அவர். அவ்வளவுதான்.

வந்தாள். ஒலிபெருக்கி முன் நின்றாள். "ம... ம... மதிப்பிற்..." சொல் வரவில்லை. அரை நிமிடம் போயிற்று. ஒரு நிமிடம் போயிற்று. அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது. உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், "ஏம்மா, எழுதிக் கொடுத்துட்டுப் போயேன்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "எ... எழுதிக் கொடுத்தேன் ஐயா. மூ... மூணு தடவை."

அவை அடங்கிப்போனது! ஆனால் கடிகாரம் அடங்குமா? மூன்று நிமிடம் ஆகிவிட்டது. என் கை மணியின் மேல். மன்றத் தலைவர் என்னைப் பார்க்கிறார். அத்தனை ஆண்டு பழகிய கை, தாய்மார்களே, அன்றைக்கு மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

"என்ன, மூணு நிமிஷம் ஆகலையா?" என்றார் தலைவர்.

"கடிகாரத்துக்கு ஆயிடுச்சுங்க ஐயா. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஆகலை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ பேசும்மா. நாங்க எங்கேயும் போகலை" என்றார்.

பதினோரு நிமிடம் பேசினாள். திக்கித் திக்கி, தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கி வைத்துப் பேசினாள். மறுவாரம் தலைவரும் பொறியாளரும் தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில், அவர் நடக்கும் வேகத்திலேயே அந்த அறுநூற்றுப் பதினெட்டுக் காலடியையும் நடந்தார்கள். அவர்கள் கண் முன்னாலேயே பேருந்து கிளம்பிப் போயிற்று. இரண்டு மாதத்துக்குள் நிறுத்தம் மருத்துவமனை வாசலுக்கே திரும்பியது. கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள், அது அவளுக்குச் சேரட்டும். தையல்காரம்மா பிறகு ஓராண்டும் சில மாதமும் உயிரோடு இருந்தார். ஒருநாளும் பேருந்தைத் தவறவிடவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவும் அல்ல.

அன்று கூட்டம் கலைந்ததும் கமா என் மேசைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், சட்டையைக் கூடச் சரிசெய்துகொண்டேன். அவள் கேட்டாள்: "ஐயா, எனக்கு மு... முன்னாடி எத்தனை பேர் பேசி முடிக்காமப் போனாங்க?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது திக்கியது அவளா, நானா?

பதிவேடுகளை எடுத்து வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து. 'நேரம் முடிந்தது.' 'நேரம் முடிந்தது.' எத்தனை தாயின் கண்ணீரை நான் பாதியில் நிறுத்தினேன்? எத்தனை தொழிலாளியின் நியாயத்தை நடுவில் நறுக்கினேன்? முகவரிகளை எழுதிக்கொண்டு, கமாவும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் வீடு வீடாகக் கிளம்பினார்கள். "அன்னிக்கு நீங்க பாதியில நிறுத்தினீங்களே, மீதியைச் சொல்லுங்க." கேட்டது அவ்வளவுதான்! பள்ளி வாசலில் வேகத்தடை, விதவை ஒருத்தியின் நின்றுபோன ஓய்வூதியம், மூடாத சாக்கடை: கேட்டார்கள், எழுதினார்கள், விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

நானும் ஒருநாள் கூடப் போனேன். ஓர் ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளியின் வீடு. படுக்கையில் இருந்தார். மகள் தலையணையை நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைத்தார். கமா கேட்டதும் வெகுநேரம் யோசித்தார். பிறகு சிரித்தார்.

"என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சும்மா. ஆனா மீதி இருக்குன்னு நினைச்சுத் தேடி வந்தே பாரு... கொஞ்ச நேரம் உட்காரு. அது போதும்."

அவள் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு மார்க் இல்லை. அறுபது மணி நேரம் அதற்கு முன்பே முடிந்திருந்தது!

செல்வங்களே, நாளை நீங்களும் உங்கள் அறுபது மணி நேரத்துக்காக அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறீர்கள். அழகாகப் பேசத் தெரியவில்லையே என்று அஞ்சாதீர்கள். சட்டம் தெரியாதே என்று தயங்காதீர்கள். ஒருவரோடு அவர் வேகத்தில் நடக்கத் தெரியுமா? ஒருவர் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் உட்காரத் தெரியுமா? தெரியுமென்றால் போங்கள்! இந்த ஊர் உங்களுக்காகப் பாதிப் பேச்சோடு காத்திருக்கிறது!

இத்தனை நேரம் கேட்ட செவிகளுக்கு என் நன்றி. நாளை முதல் கேட்கப் போகும் செவிகளுக்கு என் வணக்கம்.