சின்ன ர, பெரிய ற

வெறும் காத்துதான்னு அவரு சொன்னதை இருபது வருஷமா நான் முழுசா நம்பினதில்ல சார். உட்காருங்க, அந்த ஸ்டூல் ஆடும், சுவத்தோட சாஞ்சுக்குங்க. அவருன்னா எங்க மச்சான், வீட்டுக்காரியோட அண்ணன். கடை அவரோடது, அடுப்பு என்னோடது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, உயிரோட இருந்த நண்டைக் கொதிக்கிற தண்ணியில போட்டப்ப கீச்சுன்னு ஒரு சத்தம். நான் ரெண்டடி பின்னால போயிட்டேன். ஓட்டுக்குள்ள இருக்கிற காத்து வெளிய வருதுப்பா, இதுக்குப் போய் மிரளுறியேன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே ரேடியோ சத்தத்தைக் கூட்டினாரு.

அதுலேர்ந்து நண்டு போடறப்பல்லாம் பாட்டுதான். பாட்டு சத்தமா வந்தா, முன்னால சாப்பிட வந்தவங்க தட்டைத் துடைக்க ஆரம்பிச்சுடுவாங்க.

உங்க உணவுத்துறை ஆபீஸ் நோட்டீஸா? வந்துச்சு சார். மச்சானுக்குக் கண்ணாடி காணோம், நான்தான் வாசிச்சேன். நண்டை மரக்கச் செய்த பின்னரே கொதிநீரில் இட வேண்டும். சின்ன ர, மரத்துப்போறது. அவரு காதுல பெரிய ற விழுந்துடுச்சு. நண்டை மறக்க வைக்கணுமாம். அதைத்தானே இத்தனை வருஷமா பாட்டுப் போட்டுச் செய்யறேன், சட்டம் இப்பதான் என் பின்னால வருதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டாரு. நானும் திருத்தல. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

மரக்க வைக்கிற ஐஸ் பெட்டியா? இருக்கு சார், அதுல சோடா வெச்சிருக்காரு.

உங்க ஆபீஸுக்குப் புகார் எழுதின அந்த மொட்டைக் கடிதாசியை மடிச்சு உள்ள வைங்க, அவரு வர்ற நேரம். பேரு இல்லதான். ஓரத்துல எண்ணெய்க் கட்டைவிரல் அச்சு இருக்கே, நடுவுல கத்தி வெட்டின தழும்போட. இதோ, இந்த விரல்தான். தெரிஞ்சா இங்க வேலை போகும், வீட்டுல அவரு தங்கச்சி பேச மாட்டா.

நேராக் கேட்டிருக்கலாமேங்கிறீங்களா? இன்னைக்குக் காலையில கேட்டுட்டேன் சார். கரண்ட் போயிடுச்சு, ரேடியோ நின்னுடுச்சு. தண்ணி தளதளன்னு கொதிக்குது. மச்சான் இடுக்கியில நண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, நிக்கிறாரு, போடவே இல்ல. அப்பதான் மெதுவாக் கேட்டேன். வெறும் காத்துதானே மச்சான், அப்ப இத்தனை வருஷமா அந்தப் பாட்டு யாரு மறக்கறதுக்கு?