முற்றத்தில் நின்ற இரண்டு பேருந்துகள்

மூங்கில் குருத்தை வெயில் படுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பட்டால் கசக்கும். ஓய்வு பெற்றபின் எனக்கு அதுதான் வேலை. இன்று காலையும் வெட்டிவிட்டுத்தான் இந்த அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு உங்களைத் தேடி வந்தேன், மேடம்.

என் பெயர் கே வென்-ஷான். சுவரொட்டி ஒட்டுபவனாகக் கட்சிக்கு வந்தவன். இரண்டு முறை மலை ஊராட்சித் தலைவர், பிறகு பதினோரு ஆண்டுகள் மாவட்டக் கட்சிச் செயலாளர். கல்யாணமோ சாவோ, அழைக்காவிட்டாலும் போய் நிற்பேன். எங்கள் தீவில் அரசியல் பாதி அதுதான்.

மேல் பள்ளத்தாக்குக் கிராமத்தின் தலைவி சியூ லுவான். பாக்கு மென்று சிவந்த பல், உரத்த குரல். முதல் தேர்தலில் அந்த ஊர் ஓட்டை எனக்கு வாங்கித் தந்தவர். இரண்டாவது தேர்தல் நெருங்கியபோது ஒரு கல்யாண விருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஆத்தோரம் தடுப்புச் சுவர் கட்டித் தரேன்னு நாலு வருஷமா சொல்ற. நாங்களும் கேட்டுக்கிட்டே இருக்கோம். இந்தத் தடவை வேற ஆளுக்குப் போட்டுப் பாக்கறோம். கோவிச்சுக்காத. மீன் ஆறுது, சாப்பிடு.”

எனக்குக் கோபம் வரவில்லை. மீன் நன்றாக இருந்தது.

தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில் சூறாவளி வந்தது. பகல் இரண்டரை மணிக்கு மண்சரிவு எச்சரிக்கை. மேல் பள்ளத்தாக்கைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவு என் மேசையில் இருந்தது. முற்றத்தில் இரண்டு பேருந்துகள் தயார். போக இருபது நிமிடம். வண்டிகளுக்குப் பொறுப்பான எழுத்தர் து மிங்-ஹுய் நனைந்துகொண்டே உள்ளே வந்தான்.

“கிளம்பட்டுமா தலைவரே?”

“கொஞ்சம் இரு.”

தலைநகர் தைபேயிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்ற ஊரை நானே பேருந்தில் போய் அழைத்து வருவதை மாவட்டம் முழுவதும் பார்த்தால் நல்லது என்று தோன்றியது. இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவர்களைக் காப்பாற்றத்தான் நினைத்தேன்.

மூன்று மணிக்கு லுவான் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, ஆத்துத் தண்ணி கருப்பா வருது. கல்லு உருள்ற சத்தம் கேக்குது. வண்டி வருதா? இல்லேன்னா சொல்லிடு, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நாங்களே மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிடறோம்.”

“வண்டி கிளம்பிடுச்சு அக்கா. யாரும் ஏற வேண்டாம். எல்லாரையும் கோயில் மண்டபத்துல உக்கார வையுங்க.”

“சரி தம்பி. நீ சொன்னா சரி.”

எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் படம் எடுக்க வசதி. கோயில் ஆற்றங்கரையில் இருந்தது. மூன்றரைக்கு மலை இறங்கியது.

முப்பத்தொரு பேர். நான்கு நாள் முழங்கால் சேற்றில் நின்று நானும் தோண்டினேன். லுவான் அக்காவின் கை முதலில் தெரிந்தது. நான் அழுததைக் கேமராக்கள் எடுத்தன. அந்தத் தேர்தலில் இதுவரை யாரும் வாங்காத அளவு ஓட்டு வாங்கினேன்.

விசாரணை வந்தபோது மிங்-ஹுயிடம் பேசினேன். “வண்டி பழுது, சொல்ல மறந்துட்டேன்னு ஒத்துக்க. உன் வீட்டை நான் பாத்துக்கறேன்.” அவன் பேனாவை எடுத்தான். “அந்த மூணு மணி போன் வந்தப்ப நானும் பக்கத்துலதான் இருந்தேன் தலைவரே,” என்றான். பிறகு கையெழுத்துப் போட்டான். மூன்று ஆண்டு சிறை. வெளியே வந்தபின் அவன் யாரோடும் அதிகம் பேசவில்லை. போன மாதம் ஈரல் நோயில் இறந்தான்.

சவ அடக்கத்தில் அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “ஊரே காறித் துப்பினப்ப எங்களைக் கைவிடாதவரு நீங்க ஒருத்தர்தான்.” எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கட்டைவிரலில் முள் குத்தியும் வலிக்காதது போல இருந்தது. உடம்பில் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதனால் உங்களிடம் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பேருந்துகளில் பழுது இல்லை. கிளம்பிவிட்டதாக நான் சொன்னது பொய். ஏறிப் பிழைத்திருக்கக்கூடியவர்களை உட்காரச் சொன்னது நான். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அக்காவின் அழைப்பை முதல் மணியிலேயே எடுத்தேன். முப்பதாண்டு அரசியலில் ஒரு வாக்காளரைக்கூட நான் காக்க வைத்ததில்லை.