எங்கே நின்று பார்ப்பீர்கள்

திரை வாங்க வருகிறவர்கள் முதலில் அளவைத்தான் கேட்பார்கள். எத்தனை இன்ச், என்ன விலை, கொஞ்சம் குறைக்க முடியுமா. எங்கே நின்று பார்ப்பீர்கள் என்று நான்தான் திருப்பிக் கேட்பேன். அதைக் கேட்காமல் ஒரு திரையைத் தலையில் கட்டுகிற கடைக்காரனை நம்பாதீர்கள். உங்கள் மேசையில் இருப்பதை யார் விற்றார்களோ தெரியாது, அது டி.என். பேனல். நீங்கள் நாற்காலியில் சரியும்போதெல்லாம் படம் மங்குகிறது, கண்ணைச் சுருக்குகிறீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள் சார், தெரியும்.

மூன்று வகை உண்டு. டி.என். மலிவு, வேகம் அதிகம். நேராகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் இருட்டான இடமெல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். வி.ஏ. பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஆனால் இருட்டில் எதுவும் அசைந்தால் பின்னாலேயே ஒரு கறை இழுபடும். ஐ.பி.எஸ். விலை கூட, கறுப்பும் சற்றே சாம்பல் அடிக்கும். ஆனால் எந்த மூலையில் நின்றாலும் உள்ளது உள்ளபடி தெரியும். என் வீட்டுச் சமையலறையில் முதலில் நான் வைத்தது அதைத்தான். நல்லதைத்தான் வைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாமனார் எங்களோடு இருந்தார். பக்கவாதம் வந்து படுத்தவர். பேச்சு போய்விட்டது, ஒரு கைதான் மிச்சம். நெஞ்சில் சளி அடைத்தால் அந்தக் கையைத் தூக்குவார். என் மனைவி ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சளி உறிஞ்சும் மெஷினைப் போடுவாள். வெளிச்சம் பட்டால் அவருக்குக் கண் கூசும் என்பதால் அறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். கட்டிலுக்கு எதிரே கேமரா, சமையலறையில் திரை, இரண்டும் நான் மாட்டியவை.

அதன்பிறகு அவள் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. நான் மிகைப்படுத்தவில்லை. சாப்பாடு போடும்போது கண் திரையில் இருக்கும், பாதி தட்டுக்கு வெளியே விழும். கடையில் நடந்ததைச் சொன்னால் ‘ம்’ கொட்டுவாள், அதையும் தப்பான இடத்தில் கொட்டுவாள். ஒருமுறை விரலை வெட்டிக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்றேன். “பஞ்சு அலமாரியில இருக்குங்க” என்றாள், தலையைத் திருப்பாமல். கண்கொத்திப் பாம்பு மாதிரி ஒரு மனுஷி எத்தனை காலம் நிற்பாள்? அது ஒரு வாழ்க்கையா? அவளை அதிலிருந்து யாராவது விடுவிக்க வேண்டாமா? அவளுடைய அக்கா போனில் மூக்கைச் சிந்துவதோடு சரி. நான்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

பெரியவரை நான் ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை. மருந்தை மாற்றவில்லை, மெஷினைக் கெடுக்கவில்லை. திரையை மாற்றினேன், அவ்வளவுதான். எந்த வீட்டில் திரையை மாற்றாமல் இருக்கிறார்கள்?

முதலில் வி.ஏ.தான் மனதில் இருந்தது. கை அசைந்தால் இழுபடும் அந்தக் கறையே அவள் கண்ணில் பட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். அவள் கண் அப்படி. ஆகவே டி.என். எண்ணெய் தெறிக்காத உயரம் என்று சொல்லி, அலமாரிக்கு மேலே மாட்டினேன். அடுப்படியில் நிற்கிறவள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

“என்னங்க, கட்டில் மட்டும்தான் மங்கலா தெரியுது. அப்பா சரியா தெரியலையே?”

“ரூம் இருட்டா இருந்தா திரை என்ன பண்ணும்? ஆனா பழசைவிட இது வேகம்.”

வேகம் என்பது உண்மை. நான் பொய் சொல்லிப் பிழைக்கிறவன் இல்லை. “நீங்க சொன்னா சரி” என்று போய்விட்டாள். திரை விஷயத்தில் என்னை விட்டால் அவள் யாரைக் கேட்பாள்? முதலில் அடிக்கடி அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் அதுவும் மெல்லக் குறைந்தது.

முக்காலி போட்டு ஏறித் துடைத்தாளானால் நேர் பார்வையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் துடைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். இவர் வீட்டு வேலையெல்லாம் செய்கிறார் என்று அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

பழைய திரையைக் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு எதிரே மாட்டினேன். அதன் ஓரத்தில் அவள் ஒட்டிய ரோஜா ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. வீட்டு கேமராவின் படத்தை அதிலும் வரவழைத்துக்கொண்டேன். யாராவது ஒருவர் அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டுமே.

அன்று பிற்பகல் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ‘நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன்’ என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். பார்த்திருப்பாள், சந்தேகமே இல்லை. கட்டில் தெரிந்தது, கை தெரியவில்லை. அறைக்குப் போனபோது மூச்சு நின்றிருந்தது. டாக்டர் வந்து, வயசு, சளி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றதையெல்லாம் நானே முன்னால் நின்று கவனித்தேன்.

“நான் பாத்துக்கிட்டே இருந்தும் போயிட்டாரேங்க” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழும்போது என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

அதன்பின் ஒருநாள், இனி வீட்டில் என்ன வேலை என்று எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அப்படி வந்ததே இல்லை. திரை ஓடிக்கொண்டிருந்தது, அதில் காலிக் கட்டில். அப்போதும் ஏன் அணைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பழக்கம், வேறொன்றும் இல்லை.

வாசல் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். ரோஜாவைப் பார்த்தாள்.

“இது நம்ம வீட்டுத் திரைதானே?”

“ஆமா.”

“இவ்வளவு ஓரமா நிக்கிறேன். தலைகாணி மடிப்புகூட தெரியுது.” பிறகு, “அன்னிக்கு மத்தியானம் நீங்க கடையிலதானே இருந்தீங்க?” என்றாள்.

“ஆமா.”

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் விடுவித்த மனுஷி முதன்முதலாகத் தனியாக நடந்து வந்த இடம் உங்கள் போலீஸ் ஸ்டேஷன். நன்றிகெட்டதனம் என்றுதான் சொல்வேன், யார் முன்னாலும் சொல்வேன்.

பெரியவர் போன அந்த நேரத்தில் கடையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். மூன்று வகையையும் பொறுமையாக விளக்கினேன், உங்களுக்குச் சொன்ன மாதிரியே. போன் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டு எண்ணை ஒருமுறை அழுத்தினால் போதும், அவள் ஓடியிருப்பாள். திரையில் கை தூக்கியிருந்தது. இறங்கும், மறுபடி தூக்கும். நான் பேச்சை நிறுத்தவில்லை. அந்த அம்மாள் திரைக்கு இடப்பக்கம் போய்ப் பார்த்தார், வலப்பக்கம் போய்ப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார்.

“எப்படிப் பாத்தாலும் அந்தப் பெரியவர் கை எவ்வளவு தெளிவா தெரியுது! யாரைக் கூப்பிடுறாரு?”

“யாரையும் இல்லம்மா. இது சும்மா டெமோ.”

சரி, அந்த ஒன்று பொய். அதே மாதிரித் திரை ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். பில் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கை படுக்கையில் கிடந்தது.

எழுதிவிட்டீர்களா? காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் செய்தது அவளுக்காக, அதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள் சார். அவளை இங்கே கூப்பிடும்போது நாற்காலியை எனக்கு நேர் எதிரே போடுங்கள். பக்கவாட்டில் போட்டுவிடாதீர்கள், அவள் என்னைப் பார்க்கமாட்டாள்.