நேரலையில் போன ஜெபம்

"ஹலோ... ஹலோ, ஏங்க? நான்தான்... கேக்குதா? இருங்க, ரெண்டு படி ஏறிக்கிறேன்... இப்ப?... ம். ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க? தொண்டை கட்டிக்கிச்சா?"

மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அந்தக் கட்டடத்தில் சிக்னல் கிடைக்கும். கடல் தாண்டி மிஷன் ஊழியத்துக்கு வந்திருக்கும் குழுவில் யார் வீட்டோடு கொஞ்சுவதானாலும் சண்டை போடுவதானாலும் இந்த மூலைதான். தையல்காரம்மா காலையிலிருந்து எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே கூடத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்கு அவள்தான் தையல் சொல்லித் தருகிறாள். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருந்தாள்.

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். ரொட்டிதான், வேறென்ன... பாத்ரூமா? அதே வரிசைதான். கூட வந்திருக்குற டீச்சர் உள்ள போனா பாட்டுப் புத்தகம் முழுக்கப் பாடிட்டுத்தான் வெளிய வருவாங்க. அத விடுங்க. பாப்பா என்ன பண்றா?... கதவத் தொறக்கலையா? இன்னுமா?... யாரு வந்திருக்கா?... சம்பந்தியம்மாவா! எப்ப?... பையனுமா?... ஐயோ. காப்பி குடுத்தீங்களா?... தொடலையா. எப்படித் தொடுவாங்க... ஆமா, ஆமா, சபையே பாத்துச்சு. நேத்துலேருந்து அதையேதான் சொல்றீங்க."

நடந்தது இதுதான். நேற்று ஞாயிற்றுக்கிழமை. குழு மொத்தமும் சுற்றி உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஜெபித்தார்கள். தையல்காரம்மாவுக்குப் பட்டும் படாமலும் ஜெபிக்கத் தெரியாது. ஆண்டவரிடம் போய் மென்று முழுங்குவானேன் என்று, மகள் தன்னிடம் மட்டும் சொன்னதை அப்படியே எடுத்து வைத்தாள். பேசி முடித்திருக்கும் டைல்ஸ் கடைப் பையன் வேண்டவே வேண்டாம் என்கிறாளே ஆண்டவரே, அவன் வாயைத் திறந்தாலே தூக்கம் வருகிறது என்கிறாளே, நீர்தான் அவள் மனதை மாற்றவேண்டும் என்று அழுது மன்றாடினாள். அந்த நேரம் பார்த்து, குழுவை அழைத்து வந்திருக்கும் பாஸ்டரம்மா தன் போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, ஊரிலிருக்கும் சபைக்கு நேரலை போட்டிருந்தார். ஆராதனைக்கு வந்திருந்த அத்தனை பேரும் பெரிய திரையில் பார்த்தார்கள். முன்வரிசையில் சம்பந்தியம்மா, பக்கத்தில் அந்தப் பையன்.

"எல்லாம் இந்த பாஸ்டரம்மாவால வந்தது. போனைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?... என்னது?... சொன்னாங்களா? யாரு சொன்னா உங்களுக்கு?... வீடியோவுலயே கேக்குதா?... அதப் போட்டுப் போட்டு வேற பாக்குறீங்களா நீங்க?... சரி. சொல்லியிருப்பாங்க. நான் அப்பவே கண்ண மூடிட்டேன், காதுல விழலை. இப்ப என்னங்குறீங்க?"

கீழே ஒரு மிஷின் கடகடவென்று கத்தி நின்றது. மொழிபெயர்க்கிற அம்மா படியடியில் வந்து நின்று கையைக் கையை ஆட்டினாள்.

"பாபின்ல நூல் சிக்கிக்கிச்சா? கழட்டிட்டு மறுபடி போடச் சொல்லுங்க!... மிதிக்க வேண்டாம்! கால எடுக்கச் சொல்லுங்க!... உங்களுக்கில்லைங்க. நீங்க சொல்லுங்க... இப்படிச் சொல்லிப் பாருங்களேன். பாப்பா விளையாட்டுக்குச் சொன்னா, என் பொண்டாட்டி அதப் பெருசு பண்ணிட்டா, ஊருக்கு வந்ததும் நேர்ல வந்து மன்னிப்புக் கேப்பான்னு... என்ன?... கோவமே இல்லையா? அப்ப எதுக்கு வந்திருக்காங்க?... இந்த வாரமே நிச்சயமா! நான் இல்லாமலா?... யாரு, சபை பூராவுமா?... பாப்பா மனசு மாறணும்னா?... ஸ்தோத்திரம்! ஏங்க, ஸ்தோத்திரம்! நான் கேட்டது அதத்தானே!"

தலைகால் புரியவில்லை அவளுக்கு. நேற்று ராத்திரி முழுதும் தூங்கவிடாத விஷயம் இப்படி நல்லபடியாக முடியும் என்று யார் கண்டது? கோபப்பட்டு முறித்துக்கொள்வார்கள் என்று இவள் பயந்துகிடக்க, அவர்களோ சபையையே மகளுக்காக ஜெபிக்க வைத்துவிட்டு, பதில் கிடைத்துவிட்டது என்று தேதி குறிக்க வந்திருக்கிறார்கள். பெயின்ட் வாளியோடு மேலே ஏறிய, குழுவோடு வந்த தச்சரை நிறுத்தி, "நல்ல சேதி அண்ணே, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"பாப்பாகிட்ட குடுங்க. நான் பேசுறேன்... தட்டுங்க. அம்மா லைன்ல இருக்கேன்னு சொல்லுங்க... நல்லாத் தட்டுங்க, கெஞ்சாதீங்க... பாப்பா? பாப்பா, நீயா?... பேசுடி. மூச்சு விடுறது கேக்குது... தப்புதான். உன் விஷயத்த அத்தனை பேர் முன்னாடி... ஆமா. ஆமா... ஆனா பாரு, அவங்க எவ்வளவு பெரிய மனசோட... சரி, சொல்லல. நீ சொல்லு."

மகள் பேசினாள். தையல்காரம்மா ஒரு படி இறங்கினாள். சத்தம் விட்டுவிட்டு வரவும் பதறிப்போய் மறுபடி ஏறினாள்.

"உனக்காகத்தான்டி ஜெபம் பண்ணினேன்... உன் மனச மாத்தச் சொல்லி. ஆமா... ஏன் வேண்டாங்குறன்னா?... கேக்கல. இல்ல, கேக்கவேயில்ல... இப்ப கேக்குறேன். ஏன்?... என்ன வாங்கிப் பாத்தான்? உன் போனையா?... முதல் தடவை பாத்தப்பவே?... நம்பரெல்லாம் அழிச்சானா? யாரு நம்பர?... லேப்ல கூட வேலை பாக்குறவங்க நம்பரையா? அதுல ஒரு பிள்ளையோட நீ ஸ்கூல்லேருந்து சிநேகமாச்சே... நீ ஒண்ணும் சொல்லலையா?... சிரிச்சானா? சிரிச்சுக்கிட்டேவா அழிச்சான்?"

அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவி விரலில் சுற்றினாள். பேசி முடித்த அன்று அந்தப் பையன் எவ்வளவு அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இவள்தான். அவமானமாக இருந்தது.

"அப்ப ஏன்டி தூக்கம் வருதுன்னு சொன்ன? இத என்கிட்ட சொல்லியிருந்தா... ம்... ஆமா. ஜெபம் பண்ணலாம், சரியாயிடும்னு சொல்லியிருப்பேன். அதத்தான் சொல்லியிருப்பேன்... அழுவுறியா? அழாத. பாப்பா, போனை எடுத்துக்கிட்டு முன் ரூமுக்குப் போ... போன்னா போ. ஸ்பீக்கர்ல போடு."

வெளியே வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். மதியம் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய் ஜெபிக்கும் முறை அன்று அவளுக்கு. ஜன்னல் வழியே கையை நீட்டி, நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று சைகை செய்தாள். குழுவுக்கு வந்தபின் அவள் ஒரு வேலையைத் தட்டிக்கழித்தது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தியம்மா, ஸ்தோத்திரம்... நல்லா இருக்கேன். ஊழியமெல்லாம் நல்லா நடக்குது... தெரியும், எல்லாரும் ஜெபிக்கிறாங்க, இவர் சொன்னாரு... உங்க நல்ல மனசுங்க... இல்ல, ஒரு நிமிஷம்... அக்கா. அக்கா, என்னைக் கொஞ்சம் பேச விடுங்க. இந்தக் கல்யாணம் வேண்டாம்... ஆமா, அப்படித்தான் ஜெபிச்சேன். தப்பா ஜெபிச்சிட்டேன்... அவ சொல்லிக் குடுக்கல. நான் சொல்றேன், அவ அம்மா... காரணம் உங்க பையனுக்குத் தெரியும். அவரையே கேட்டுக்குங்க... தம்பி, நீங்க இப்ப பேசவேண்டாம். நான் அம்மாகிட்ட பேசுறேன்... சபையில கேட்டா என் பேரச் சொல்லுங்க. என்னைத் திட்டட்டும். அவள ஒரு வார்த்தை சொல்லக்கூடாது... ஏங்க? ஏங்க, அவங்களுக்குக் கதவத் தொறந்து விடுங்க."

இதே பெண்மணியோடு எத்தனையோ வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியிருக்கிறாள். இனி எந்தப் பெஞ்சில் போய் உட்காருவது என்று தெரியவில்லை.

"போயிட்டாங்களா?... அப்பா ஏதாவது சொன்னாரா?... காப்பிய அவரே குடிச்சிட்டாரா! நல்ல மனுஷன்... ம்... ம்... என்னடி?... இன்னொண்ணு இருக்கா? என்ன இன்னொண்ணு?"

தையல்காரம்மா படியில் மேலும் கீழும் பார்த்தாள். பாஸ்டரம்மா கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். இவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லு... யார்கிட்டயும் சொல்லமாட்டேன்... அப்பாகிட்டயும் சொல்லமாட்டேன்... சேச்சே, பாஸ்டரம்மாகிட்டயா, போடி... இல்லடி, நம்பு. ஆண்டவர்கிட்டகூடச் சொல்லமாட்டேன். நீ சொல்லு... பாப்பா?... ஹலோ?... ஹலோ..."