கோடு இரண்டாகப் பிரிந்த பிறகு

தேநீர் நன்றாக இருக்கிறது சேர். சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

ரிவர்ஸ்டன் மலைக்குப் போகும் வழியில்தான் எங்கள் ஆய்வுகூடம். மின்தடையே இல்லாமல் போகுமளவுக்கு ஹீலியத்தால் குளிரவைத்த சிப் ஒன்றில் நுண்ணலையை ஓடவிடுவோம். பக்கத்தில் கடுகளவு காந்த உருண்டை. இரண்டும் சரியாக இணைந்தால் திரையில் ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரியும். காந்தப்புலம் மிஞ்சினால் சிப்பின் அந்தத் தன்மையே போய்விடும். உருண்டையை எந்த இடத்தில் வைப்பது என்று கண்டுபிடித்தவள் நான், ஸில்மியா.

கிஷாந்த் என்னோடு ஆய்வு செய்தவன். ரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நோன்புக் காலத்தில் என் வீட்டுக் கஞ்சியைக் குடிக்காமல் போகமாட்டான். கோடு பிரிந்த அன்று, "ராத்தா, நீங்க இல்லாட்டி இது நடந்திருக்குமா?" என்று அழுதேவிட்டான். அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டவனை நானும் கூடப்பிறந்தவனாகத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு கொழும்பிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். எல்லாம் தன் யோசனை என்றான் கிஷாந்த். நான் யார் என்று ஒருவர் கேட்டார். "அவங்க சாமான்லாம் கழுவிக் குடுப்பாங்க சேர்" என்றான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவனை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக அங்கேயே முடிவானது. எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் ஹீலியம் நிரப்புவது அவன் முறை. கசிந்தால் அறையிலுள்ள காற்றை அது வெளியே தள்ளிவிடும், மூச்சு நின்றுவிடும். அதனால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆனால் பனி வந்தால் கருவிகள் ஈரமாகுமே என்று எங்கள் ஆட்கள் சாத்திவிடுவது வழக்கம். "கொஞ்ச நேரந்தானே" என்பார்கள். அன்றும் பனி. அவன் உள்ளே போனதும் நான் ஜன்னலை வெளியிலிருந்து சாத்திக் கொக்கி போட்டேன். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. குழாய் இணைப்பைக் காலையிலேயே தளர்த்தியிருந்தேன். கசிவைச் சொல்லும் மணியின் பேட்டரியையும் எடுத்திருந்தேன். கடைசியாகக் கதவின் வெளிக்கொண்டியைப் போட்டேன்.

ஹீலியம் குரலைக் கீச்சென்று மாற்றிவிடும். சின்னப்பிள்ளைக் குரலில் கத்தினான். "ராத்தா, தொறங்க ராத்தா, தலை சுத்துது." கொண்டி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தட்டுவது நிற்கும்வரை அங்கேயே நின்றேன்.

ஆமாம் சேர், கொன்றது நான்தான். ஆனால் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசிவரை நான் அவனை விட்டுப் போகவில்லை. துரோகம் செய்தது அவன்தான்.