இறந்தவரிடம் கேட்ட அனுமதி

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் மருத்துவரும், அவரிடம் பயிலும் மாணவனும்.

“டாக்டர், காலையில அந்த அங்கிள் இறந்துட்டாரான்னு செக் பண்ணப் போனோமே. கண்ணுல லைட் அடிக்கிறதுக்கு முன்னால அவர்கிட்ட ஏன் பெர்மிஷன் கேட்டீங்க?”

“மரியாதை லா, தம்பி. உயிர் போனாலும் அவர் நம்ம பேஷண்ட்தானே. நீயும் கேட்டுப் பழகு.”

“கேக்குறேன் டாக்டர். ஆனா ‘சரிம்மா’ன்னு பதில் சொன்னது யாரு? நெஞ்சுல துடிப்பே இல்ல. ரூம்ல நம்ம ரெண்டு பேர்தான் இருந்தோம்.”

என்ன குழம்பு வேண்டுமென்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். மருத்துவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“உனக்குமா கேட்டுச்சு? இத்தனை வருஷமா எனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சேன்.”