அக்காவின் தொட்டிக்கு ஆறு கட்டுச் செடி

ஹலோ... ம், சொல்லுங்க அத்தான்... ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன், வராந்தாவுல, கதவுகிட்ட... அக்கா உள்ள இருக்கா, நடக்கப் பழக்குற ரூம்ல... என்னது, செத்துப் போச்சா... யாரு... ஐயோ, செடின்னு முதல்ல சொல்லுங்க அத்தான். ஒரு நிமிஷம் எனக்கு உசுரே இல்ல.

எல்லாமேவா... மீன் தொட்டியில ஒண்ணு கூட மிச்சமில்லையா... மீனெல்லாம் நல்லா இருக்குல்ல... சரி, அதுவரைக்கும் நிம்மதி. லைட்டு தினமும் போட்டீங்களா... ஆறு வாரமாப் போடவே இல்லையா... ஏன்...

ம்... ம்...

இல்ல அத்தான், சிரிக்கல. அவ இல்லாம அந்தத் தொட்டியை வெளிச்சம் போட்டுப் பாக்கப் பிடிக்கலன்னு சொல்றீங்க, இதுல சிரிக்க என்ன இருக்கு... சரி, சரி, யார்கிட்டயும் சொல்லல. ஆனா இருட்டுல செடி என்ன பண்ணும், பாவம்.

வாங்கிட்டே வந்துட்டீங்களா. எத்தனை கட்டு... ஆறா. தண்டுச் செடிதானே... ஆமா, ஆமா, அதான் சுலபம், கிள்ளி வெச்சாலே வரும். அக்கா வெக்கிறதும் அதான்.

இன்னைக்கு வருவாளான்னா... தெரியல அத்தான். பத்தடி தானா எடுத்து வெச்சு நடந்து காட்டினா சாயங்காலமே அனுப்பிடுறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவ நாலு நாளா நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறா... எலும்பெல்லாம் நல்லாக் கூடிடுச்சாம். பயம், வேற ஒண்ணுமில்ல. படிக்கட்டுல விழுந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதாம். பயிற்சி குடுக்கிற பொண்ணு கெஞ்சுது. நான் கெஞ்சியும் பாத்துட்டேன், திட்டியும் பாத்துட்டேன்... நீங்க வரவான்னு கேக்குறீங்களா, வந்தா உங்களையும் கெஞ்ச விடுவா, அவ்வளவுதான்.

சரி, செடியைப் பாருங்க. மோட்டாரை நிறுத்திட்டீங்களா... தண்ணியைப் பாதி எறக்கிக்கோங்க, இல்லன்னா சட்டை தோள் வரைக்கும் நனையும்... ஏற்கெனவே நனைஞ்சாச்சா. அப்ப அதை விடுங்க.

எதால புடிச்சு நடுறீங்க... இடுக்கியா. எந்த இடுக்கி... அடுப்புல பாத்திரம் எறக்குறதா. அத்தான், அது செடி, உங்க பட்டறையில வெல்டிங் வெக்கிற கம்பி இல்ல. அக்காவோட அலமாரியில, கீழ்த்தட்டுல, நீளமா ஒரு சின்ன இடுக்கி இருக்கும் பாருங்க... ஆங், அதேதான்.

இப்ப அந்தக் கட்டைப் பிரிச்சு... என்ன... முழுசா நட்டு முடிச்சுட்டீங்களா. கட்டுப் பிரிக்காமலேவா. அடியில கனத்துக்குச் சுத்தியிருக்கிற ஈயப் பட்டை, ரப்பர் பேண்டு எல்லாத்தோடயுமா... ஆறு கட்டையுமா...

ஒண்ணுமில்லக்கா, நீ காலை நீட்டு. கடையில இருந்து போன்... மருந்துக் கடைதான்... மருந்துக் கடையில ரப்பர் பேண்டு இருக்கக் கூடாதா என்ன.

அத்தான், அவ காதுல விழுந்துடுச்சு. மெதுவா... எல்லாத்தையும் பிடுங்குங்க. ஆமா, எல்லாத்தையும். நெருக்கமா இருந்தா உள்பக்கத் தண்டு அழுகிடும். பட்டையைக் கழட்டிட்டு அடியில பழுப்பா இருக்கிறதை வெட்டிடுங்க. கீழ் இலையை ரெண்டு கணு அளவுக்கு உருவிடுங்க. வேர் அந்தக் கணுவுலதான் வரும், அதனால கணு மணலுக்குள்ள போகணும்... எவ்வளவு ஆழமா... ஒரு கட்டை விரல் அளவு போதும். ரெண்டு ரெண்டாச் சேத்து...

என்னக்கா... ஒவ்வொண்ணாவா. ஒவ்வொண்ணாத்தானாம் அத்தான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ரெண்டு விரல் இடைவெளி விடணுமாம்... ஆமாக்கா, அத்தான்தான். இனிமே என்ன மறைக்கிறது... ஆமா, எல்லாச் செடியும் போயிடுச்சு. புதுசு வாங்கி நட்டுக்கிட்டிருக்காரு... கோவிச்சுக்காத, நீ வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம்னுதான்.

அத்தான், கோவமெல்லாம் இல்ல, சிரிக்கிறா. நெஜமா. வயித்தைப் புடிச்சுக்கிட்டு. அந்தப் பொண்ணுகூடச் சேந்து சிரிக்குது... என்ன, மிதக்குதா... முதல் கட்டைப் பிரிச்சு நட்டது எல்லாமே மேல வந்துடுச்சா. அக்கா, நட்டதெல்லாம் மிதக்குதாம்... நேரா வெச்சா அப்படித்தான் வருமாம் அத்தான், சாய்ச்சுச் சொருகிட்டு இடுக்கியை மெதுவா உருவணுமாம்... இல்ல, அப்படி இல்லையாம், அதுவும் தப்பாம்... அக்கா, நீ சொல்றது எனக்கே புரியல, நான் எப்படி அவருக்குச் சொல்றது.

போனா... இரு, நான் கொண்டாந்து தர்றேன், நீ அங்கயே உக்காரு... உக்காருன்னு...

அத்தான். லைன்லயே இருங்க. பேசாதீங்க.

எந்திரிச்சுட்டா... இல்ல, யாரும் புடிக்கல. அந்தப் பொண்ணு கையை நீட்டுது, இவ தட்டி விட்டுட்டா... வர்றா. முகத்துல அவ்வளவு எரிச்சல், யாருக்கும் ஒண்ணுமே தெரியலன்னு திட்டிக்கிட்டே வர்றா... கீழ பாக்கவே இல்ல அத்தான், போனைத்தான் பாக்குறா... ஆறு... ஏழு... நான் அசையல, நான் எதுக்கு அசையப் போறேன், இங்கயே நிக்கிறேன்... ஒம்பது...

அத்தான், அழுறீங்களா. சரி, சரி, மூக்கைத் தொடைச்சுக்கோங்க, திட்டு வாங்கத் தயாரா இருங்க.

இந்தாக்கா. நீயே சொல்லு.